ஓட்டையின் மறுபக்கம் ஒரு உள்ளங்கை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, வாடைக் காற்று ஓய்ந்த மாசி மாதத்தில் ஒரு காலை நேரம், பாம்பனுக்குத் தெற்கே கடலில் நடந்தது இது. நான் மீன்பிடி வள்ளங்களுக்கு இன்ஜின் வேலை பார்க்கிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. இன்ஜினோடு இருந்தால் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, இந்தத் தொழில் எனக்கு ஒட்டிக்கொண்டது.

அன்று கரைக்கு ஒரு சின்ன ரப்பர் படகில் பெரியவர் ஒருவர் வந்தார். கொச்சிக்காரர். அவரும் அவர் மனைவியும் பாய்மரப் படகு ஒன்றில் புதுச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ரயில் பாலத்தைத் தூக்கி வழிவிடும் நாளுக்காகக் கடலில் நங்கூரம் போட்டுக் காத்திருந்தார்கள். வீட்டை விற்று வாங்கிய படகு. சமையல், படுக்கை, சாமி படம் எல்லாம் அதற்குள்தான்.

“தம்பி, படகுக்குள்ள தண்ணி வருது. ஒண்ணு வந்து நோக்கணும்” என்றார்.

போய்ப் பார்த்தேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, படகின் அடித்தளத்தில் அழுக்குத் தண்ணீர் வெளியேற ஒரு துளை. அதில் ஒரு குழாய்த் துண்டைப் பதித்து, அதன் மேல் வால்வைத் திருகியிருந்தார்கள். இதுபோல இன்ஜினுக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. எங்கள் வள்ளத்தில் அடியில் ஊசி நுழையும் துளை விழுந்தாலும் கரைக்கு ஓடிவருவோம். இவர்கள் காசு கொடுத்துத் துளை போட்டு வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம். என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

“இம்புட்டு ஓட்டைய வச்சுக்கிட்டு எப்படிங்கய்யா தூங்குறீக?”

“இவள் உறங்கும். நான் உறங்கமாட்டேன்” என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

சிரிக்கும்படியான நிலைமை இல்லை. வால்வு திறந்த நிலையிலேயே இறுகிக் கிடந்தது. அதிகாலையில் பெரியவர் மூடப் பார்த்ததில் கைப்பிடி முறிந்து, வால்வின் உடம்பிலும் விரிசல் விட்டிருந்தது. நூல்போலத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. விரிசல் பக்கம் பித்தளை இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், மாவாக உதிர்ந்தது. என்றைக்கு உடையும் என்று சொல்ல முடியாது. உடைந்தால் அவர்கள் வீடு கடலுக்கடியில் போய்விடும்.

புது வால்வு அவரிடம் தயாராக இருந்தது. ஆனால் பழையதைக் கழற்றினால் கடல் உள்ளே வரும். படகைக் கரையில் ஏற்றவும் வழியில்லை. அடியில் ஆளுயரத்துக்குக் கனமான இரும்புச் சிறகு ஒன்று இருந்தது. அதைத் தூக்கி நிறுத்தும் கிரேன் எங்கள் பக்கம் கிடையாது. வெளியிலிருந்து யாராவது முங்கித் துளையில் மரக்கட்டையை அடித்து அடைக்க வேண்டும். அந்த நேரத்தில் உள்ளே வால்வை மாற்ற வேண்டும். பெரியவருக்குக் காதில் ஆபரேஷன் ஆகியிருந்தது, முங்கக் கூடாது. எனக்கு நீந்தத் தெரியும், மூச்சுப் பிடிக்கத் தெரியாது.

அப்போதுதான் பாசி எடுக்கப் போயிருந்த பெண்கள் வள்ளத்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கரையில் பெண்கள் கடலுக்கடியில் முங்கிப் பாறையிலிருந்து பாசி பறிப்பார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றியிருப்பார்கள். பெரியவர் கையை ஆட்டி அழைத்தார். அவர்களில் மூத்தவர் என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் இளையவர். முங்கும்போது போடும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னிடம் கேட்டார்.

“என்னண்ணே, சட்டி ஒழுகுதாக்கும்?”

நான் தலையைக் குனிந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் பெரியவரின் மனைவியைப் பார்த்தார். “இதுலயா குடியிருக்கீக?” என்று கேட்டார். அந்த அம்மா தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர் யோசிக்கவில்லை.

“அடைக்கிறது நாங்க, மாட்டுறது நீங்க. மூடி முடிச்சதும் உள்ளயிருந்து தட்டுங்க. தட்டுற வரைக்கும் நாங்க அங்கனதான் கெடப்போம். மறந்துபோயி டீ குடிக்க உக்காந்துறாதீக.”

வள்ளத்திலிருந்த மற்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. சட்டென்று உள்ளே இறங்கிவிட்டேன்.

அந்த இடம் மிகவும் குறுகல். ஒல்லியான உடம்பு என்பதால் நான் ஒருக்களித்துப் படுத்து உள்ளே புகுந்தேன். அந்த அம்மா டார்ச் பிடித்தார். பெரியவர் தண்ணீர் இறைக்கும் பம்பைப் பிடித்தபடி நின்றார். வெளியே படகின் அடியில் டொக் டொக்கென்று கட்டையை அடிக்கும் சத்தம். நூல்போல வந்த தண்ணீர் நின்றது. பைப் ரெஞ்சைப் போட்டுத் திருகினேன். அசையவில்லை. இன்னொரு ரெஞ்சால் அடிக்குழாயை இறுக்கிப் பிடித்து மறுபடி திருகினேன். குழாய் சேர்ந்து திரும்பினால் அடித்தளத்திலிருந்தே பெயர்ந்துவிடும். கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு வால்வு இளகியது. ஒவ்வொரு சுற்றாகக் கழற்றி மேலே எடுத்தேன்.

வெளியிலிருந்து அடித்த கட்டையின் நுனி பழைய வால்வுக்குள் ஏறியிருந்தது எனக்குத் தெரியாது. வால்வு சுற்றச் சுற்றக் கட்டையும் சேர்ந்து சுற்றி இளகியிருக்கிறது. வால்வைத் தூக்கும்போது அதன் விளிம்பு நுனியைக் கீழே நெம்பித் தள்ள, கட்டை நழுவிக் கடலுக்குள் போய்விட்டது. அடுத்த நொடி தண்ணீர் கை தடிமனில் பீய்ச்சி என் முகத்தில் அடித்தது. அந்த அம்மாவின் கையில் டார்ச் ஆடியது. பெரியவர் மலையாளத்தில் ஏதோ கத்தினார்.

அப்புறம் அது நின்றுவிட்டது.

குழாயை மூடியதுபோல நின்றது. கண்ணைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். டார்ச் வெளிச்சத்தில், அந்தத் துளையின் மறுமுனையில் ஒரு உள்ளங்கை தெரிந்தது. நீரில் ஊறி வெளுத்து, பாறை கீறிய பழைய தழும்புகளோடு. கைரேகைகூடத் தெரிந்தது. அந்தக் கைக்கு அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா முழுவதும் இருக்கிறது. இந்தப் பக்கம் நான் இருக்கிறேன்.

பெரியவர் வேறொரு கட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அதை உள்ளிருந்து அடித்தால் படகு தப்பிக்கும், ஆனால் வால்வை மாட்ட முடியாது. பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடிக்கட்டுமா என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் அந்தக் கையைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

குழாயின் திருகு மரையைத் துணியால் துடைத்து டேப் சுற்றினேன். புது வால்வை வைத்துத் திருகினால் கோணலாக ஏறியது. கீழே ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாரே என்ற பதற்றம். கழற்றி எடுத்தேன். அப்போது துளையில் ஒரு கையளவு தண்ணீர் பொங்கியது. அவ்வளவுதான், மூச்சு தாங்காமல் மேலே போய்விட்டார் என்று நினைத்தேன். ஆனால் தண்ணீர் உடனே அடங்கியது. பார்த்தால் வேறொரு உள்ளங்கை. இதில் மருதாணிச் சிவப்பு இருந்தது. முதல் கை விலகும்போதே அடுத்த கை வழுக்கி வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் சொல்லி ஒருவர் வரவில்லை. தண்ணீருக்கடியில் பேச முடியாதே. மூச்சு முடியும் நேரம் அடுத்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதைப் பார்த்த பிறகு ஏனோ என் பதற்றம் அடங்கிவிட்டது. வால்வை நேராக வைத்து, முதல் மரை பிடிக்கும்வரை பொறுமையாக விரலால் திருகினேன். நடுவில் மருதாணிக் கை போய், விரலில் நீலத் துணி சுற்றிய கை வந்தது. கடைசியில் ரெஞ்சால் இறுக்கிக் கைப்பிடியைத் திருப்பி மூடினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல மூடிக்கொண்டது.

ரெஞ்சால் படகின் அடியில் தட்டினேன். ஒரு நொடி எதுவும் கேட்கவில்லை. பிறகு வெளியிலிருந்து விரல் முட்டியால் யாரோ பதிலுக்குத் தட்டினார்கள்.

மேலே வந்தபோது பெண்கள் படகைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தார்கள். மூத்தவர் கயிற்றைப் பிடித்தபடி இருமிக்கொண்டிருந்தார். கட்டை நழுவியதும் எப்படி அவ்வளவு சீக்கிரம் கையை வைத்தார்கள் என்று பெரியவர் கேட்டார். அவர்கள் கட்டையை நம்பவே இல்லையாம். அடித்த நேரத்திலிருந்து ஆள் மாற்றி ஆள் அதன் பக்கத்திலேயே கிடந்திருக்கிறார்கள்.

“கட்டைக்கு மூச்சு முட்டாதுதான். ஆனா ஆபத்துன்னா அதுக்குத் தெரியுமாய்யா?” என்றார் மூத்தவர்.

அவர் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். நடுவில் குழாயின் விளிம்பு பதிந்து வட்டமாகச் சிவந்திருந்தது. “கடலு சீல் குத்தி அனுப்பிருக்கு” என்று பக்கத்தில் இருந்தவரிடம் காட்டிச் சிரித்தார். பெரியவரின் மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். தண்ணீரில் மிதந்தபடியே வாங்கிக் குடித்தார்கள். நான் ரெஞ்சைத் துடைத்துக்கொண்டே நின்றேன். மூத்தவர்தான் டம்ளரை என் பக்கம் உயர்த்தி, “நல்லாத் தட்டுனீகண்ணே” என்றார்.

இரண்டு நாள் கழித்துப் பாலம் தூக்கியபோது அந்தப் படகு அதனடியில் கடந்து வடக்கே போனதைக் கரையில் நின்று பார்த்தேன். இன்றும் ஏதாவது ஒரு மரை ஏறாமல் என்னைச் சோதிக்கும்போது, விரலை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருப்பேன். மறுபக்கத்தில் யாரோ உள்ளங்கையை வைத்து எனக்காகக் கடலைப் பிடித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும், அதன்பின் என் கை நிதானமாகிவிடும்.