வியாகுலம்மாள் கோஷம் போட்ட நாள்

பாலக்கரையில் வியாகுலம்மாளின் குரலைக் கேட்காதவர்கள் கிடையாது. அவள் பேசிக் கேட்டவர்கள்தான் குறைவு. சாயங்காலம் கோயிலில் அவள் முழந்தாளிட்டு மாதா பிரார்த்தனையைத் தொடங்கினால், ரோட்டில் போகிற வண்டிக்காரர் மாட்டை இழுத்துப் பிடித்து நின்று கேட்டுவிட்டுப் போவார். மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாக அவள் ராகம் போட்டுக் கூப்பிட, பின்னால் இருக்கிற பெண்கள் ஒரே மூச்சில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பார்கள். கோயிலை விட்டு வெளியே வந்தால் அந்தக் குரல் எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ தெரியாது. கத்தரிக்காய் சொத்தையாக இருந்தாலும் அதைச் சொல்ல வாய் வராமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

புருஷன் சவரிநாதன் உறையூரில் சுருட்டுச் சுற்றுகிற வேலை. அவரும் பேசமாட்டார். பேசாத இரண்டு பேர் இருந்த வீட்டில் சத்தம் போட்டது ஆட்டுக்கல் ஒன்றுதான். வியாகுலம்மாள் வாசலில் அடுப்பு வைத்து இட்லி விற்றுவந்தாள். வீடு நடந்தது அந்த அடுப்பில்தான்.

அறுபத்தாறாம் வருஷம் அந்த ஆட்டுக்கல்லும் வாயை மூடிக்கொண்டது. ஊரில் அரிசி இல்லை. ரேஷன் கடையில் அரிசி கேட்டால், கப்பலில் வந்த மைலோ என்கிற சிவப்புச் சோளத்தை அளந்து போட்டார்கள். கடைத்தெருவில் அரிசி மூட்டைகள் கதவுக்குப் பின்னால் இருந்தன என்று எல்லாருக்கும் தெரியும். கதவைத் தட்டினால் விலை மட்டும் வெளியே வரும்.

வியாகுலம்மாள் மைலோவை ஊறவைத்து அரைத்து இட்லி ஊற்றிப் பார்த்தாள். அது தட்டை விட்டு வர மறுத்தது. கத்தி போட்டு நெம்பியதில் தட்டு வளைந்தது, இட்லி வளையவில்லை.

"அக்கா, இது அடுப்பிலேர்ந்து எடுத்ததா, சூளையிலேர்ந்து எடுத்ததா?" என்று கேட்டார் வாடிக்கையாகச் சாப்பிடுகிற வண்டிக்காரர் மருதை. "வீடு கட்றவன் பாத்தா விடமாட்டான். மூடி வைங்க."

இரண்டு மூன்று நாள் இப்படிப் போனபிறகு அடுப்பு அணைந்தது. உறையூர்க் கம்பெனியிலும் பாதி நாள்தான் வேலை. அப்போதுதான் மருங்காபுரியிலிருந்து நாத்தனார் லூர்துராணி ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாள்: வீட்டை ஒழித்துக்கொண்டு இங்கேயே வந்துவிடுங்கள், காட்டு வேலைக்கு ஆள் வேண்டும், கஞ்சிக்குக் குறைவிருக்காது. கஞ்சியோடு வேறு என்னென்ன வரும் என்று வியாகுலம்மாளுக்குத் தெரியும். லூர்துராணி காலையில் கண் விழிக்கும்போது தொடங்குகிற பேச்சு, ராத்திரி படுத்தபிறகும் கொஞ்ச நேரம் தானாக ஓடிக்கொண்டிருக்கும். போன தடவை போயிருந்தபோது, உப்பு எப்படிப் போடவேண்டும் என்பதைப் பற்றி மட்டும் ஒரு பகல் முழுக்கக் கேட்க நேர்ந்தது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அரிசி வரலேன்னா போயிடுவோம்" என்றார் சவரிநாதன். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதிலிருந்தே விஷயம் முடிவாகிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. மறுநாள் அவர் ஒரு மூட்டையும் கட்டி வைத்தார்.

அடுத்த வீட்டு அமிர்தசாமி பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. யூனியனில் பெரிய கை. அந்த வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு ஊரெல்லாம் ஊர்வலம் போவதாக ஏற்பாடு. பாலக்கரைப் பெண்களுக்குக் கோஷம் சொல்லிக்கொடுக்கக் குரல் தேடி அவன் நேராக இங்கே வந்தான்.

"எனக்குப் பேச வராது தம்பி" என்றாள் வியாகுலம்மாள்.

"பேசவே வேணாம்க்கா. கோயில்ல கூப்பிடறீங்கல்ல, அதே மாதிரி கூப்பிடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

பிறகு பலநாள் அமிர்தசாமி நினைத்து நினைத்து நொந்துகொண்ட வார்த்தை இதுதான்.

அவள் மூட்டையைப் பார்த்தாள். நாத்தனாரை நினைத்தாள். சரி என்றாள்.

கோஷங்களை அமிர்தசாமி ராப்பகலாக யோசித்துச் செய்திருந்தான். அவள் "அரிசியைப் பதுக்கும் முதலாளிகளே" என்று கூப்பிட்டால் மற்றவர்கள் "வெளியே எடு, வெளியே எடு" என்று சொல்லவேண்டும். "உறங்கிக் கிடக்கும் அதிகாரிகளே" என்றால் "பதில் சொல், பதில் சொல்." முற்றத்தில் ஒத்திகை பார்த்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அப்போது அமிர்தசாமி கூடவே நின்று பதிலை எடுத்துக்கொடுத்தான் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஊரில் தடை உத்தரவு போட்டுவிட்டார்கள். ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது. சாமி ஊர்வலத்துக்கும் சாவு ஊர்வலத்துக்கும் மட்டும் தடையில்லை. அமிர்தசாமி அசரவில்லை. "போறவரைக்கும் போவோம்" என்று ஆண்களைக் கூட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டான். கலெக்டரிடம் கொடுக்கவேண்டிய மனுவும் அவன் பையில் போய்விட்டது.

பெண்கள் மாதா ஊர்வலமான சுற்றுப்பிரகாரத்தில் நடந்து பழகியவர்கள். யாரும் சொல்லாமலே இரண்டிரண்டாக வரிசை கட்டினார்கள், முக்காடு போட்டுக்கொண்டார்கள். வியாகுலம்மாள் முன்னால் நின்றாள். கத்திப் பார்த்தாள், காற்றுதான் வந்தது. அவளுக்குத் தெரிந்தது ஒரே ராகம். கண்ணை மூடிக்கொண்டு அதில் எடுத்தாள்:

"அரிசியைப் பதுக்கும் முதலாளிகளே..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது பாலக்கரை.

வியாகுலம்மாள் கண்ணைத் திறந்தாள். திரும்பிப் பார்த்தாள். யார் முகத்திலும் தப்புச் செய்த அடையாளமே இல்லை. ராகம் வந்தது, பதிலும் வந்துவிட்டது. பிரார்த்தனையை நடுவில் நிறுத்தி அவளுக்குப் பழக்கமில்லை. அடுத்ததை எடுத்தாள்.

"உறங்கிக் கிடக்கும் அதிகாரிகளே..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

பின்வரிசையில் வந்த பொன்னுத்தாய் கோயிலுக்குப் போகிறவள் அல்ல, குழாயடியில் பழக்கம். அவள் குரல்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கேட்டது. பக்கத்தில் வந்தவள் இடித்து, "ஏண்டி, முதலாளியைப் போயி வேண்டிக்கச் சொல்றோமே, நல்லாவா இருக்கு?" என்றாள்.

"வேண்டிக்கட்டுமே. இத்தனை நாளா நாமதானே வேண்டிக்கிட்டிருந்தோம்" என்றாள் பொன்னுத்தாய்.

ஜங்ஷன் பக்கம் திரும்பினால் ரோட்டுக்குக் குறுக்கே போலீஸ். அமிர்தசாமி அங்கே தான் செய்த கோஷங்களை ஓர் எழுத்துப் பிசகாமல் போட்டுக்கொண்டிருந்தான். வியாகுலம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனையும் மற்றவர்களையும் வேனில் ஏற்றினார்கள். அவளுக்குக் கால் ஓடவில்லை. வாய் மட்டும் வழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"வாக்குறுதி தந்த மந்திரிகளே..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பெண்களோடு சேர்ந்து ஓர் ஆண்குரலும் சொன்னது. தடியோடு நின்ற ஏட்டு தைரியராஜ். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை பார்க்கிற மனுஷர். காதில் ராகம்தான் விழுந்திருக்கிறது.

"மாதா சுத்துப்பிரகாரம் போவுது, வழி விடுங்கப்பா" என்று மற்ற போலீஸ்காரர்களை அதட்டினார். எதிரே வந்த டவுன் பஸ்ஸை நிறுத்தினார். வேன் கம்பிக்குள்ளிருந்து அமிர்தசாமி, "ஏட்டய்யா, அவங்களும் எங்க ஆளுங்கதான்" என்று கத்தியதற்கு, "சாமி காரியத்துல அரசியல் பேசாதே" என்று ஓர் அதட்டல் கிடைத்தது.

அப்படியாக, அன்றைக்குக் கலெக்டர் ஆபீஸ் வாசலைத் தொட்ட ஊர்வலம் பாலக்கரை ஊர்வலம் ஒன்றுதான்.

கலெக்டர் முகாமில் இருந்தார். மருங்காபுரிப் பக்கம் மழை இல்லாமல் காடெல்லாம் காய்ந்துவிட்டது, பார்க்கப் போயிருக்கிறார் என்றார்கள். லூர்துராணி இதைச் சொல்லியனுப்பவில்லை. வந்து நின்றவர் ஸ்ரீரங்கத்துக்காரரான ஓர் அதிகாரி. நெற்றியில் திருமண் பளிச்சென்று இருந்தது.

"என்ன வேணும் உங்களுக்கு? மனு இருக்கோ?"

மனு வேனில் போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் வியாகுலம்மாளைப் பார்த்தார்கள். அரிசி என்கிற ஒரு சொல் வெளியே வந்தால் போதும், வரவில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், திரும்பினார். அந்த முதுகைப் பார்த்ததும் அவளுக்கு மருங்காபுரி முழுக்கக் கண்ணில் தெரிந்தது. கண்ணை மூடினாள்.

"பாலக்கரை ரேஷன் கடையே..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

இது அமிர்தசாமி செய்ததில்லை. அதற்கப்புறம் தானாக வந்தது. எடை குறையும் தராசே என்றாள். வேகாத மைலோவே என்றாள். ரயில் குட்ஷெட்டில் தூங்கும் மூட்டையே, அணைந்துபோன அடுப்பே, வாய் திறக்காத ஆட்டுக்கல்லே என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். குமாஸ்தாக்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். அதிகாரி இடையில் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினார். ஆனால் பிரார்த்தனை நடக்கும்போது குறுக்கே பேச அவருக்கும் மனம் வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்றார். முடிந்ததும், "எங்க பாசுர கோஷ்டியிலே சேவிக்கறவா இப்படி ஒரே ஸ்ருதியிலே நின்னா பெருமாளே எழுந்து வந்துடுவார்" என்றார். பிறகு குரலைத் தணித்து, "குட்ஷெட்டிலே மூட்டை இருக்குன்னு யாரம்மா சொன்னா?" என்றார்.

"என் வண்டிதாங்க இறக்கிச்சு" என்றார் மருதை. அவர் எப்போது பெண்கள் வரிசையில் வந்து சேர்ந்தார் என்று யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை மதியம் பாலக்கரை ரேஷன் கடைக்கு அரிசி வந்தது. மோட்டா அரிசி, கொஞ்சம் வாடை. ஆனாலும் அரிசி. வியாகுலம்மாள் அரைப்படியை ஊறப்போட்டுவிட்டு இட்லித் துணியைத் தேடினாள். எங்கும் இல்லை. சவரிநாதன் மூட்டையை அவிழ்த்தார். எல்லாவற்றுக்கும் மேலே, மடித்த மடிப்பு கலையாமல், அதுதான் இருந்தது.

"மேலயே வச்சேன்" என்றார். "எப்படியும் நீ எடுப்பேன்னு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து முதல் ஈடு வெந்துகொண்டிருந்தபோது அமிர்தசாமி விடுதலையாகி வந்து சேர்ந்தான். "ஒழுங்கா கோஷம் போட்டவன் ஜெயிலுக்குப் போனேன். மொத்தமும் தப்பா போட்டவங்க கலெக்டர் ஆபீஸுக்குப் போயிருக்கீங்க" என்று மாய்ந்து மாய்ந்து சொன்னான். பக்கத்தில் இலையோடு உட்கார்ந்திருந்த ஏட்டு தைரியராஜ் அதைக் கேட்டு மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

"அப்ப அது சுத்துப்பிரகாரம் இல்லையா?"

வியாகுலம்மாள் அவசரமாக அவர் இலையில் இன்னும் இரண்டு இட்லியைப் போட்டாள். ஏட்டு கொஞ்ச நேரம் இட்லியைப் பார்த்தார், கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு, "சட்னி போடுங்க" என்றார்.