பிறவுண் பேப்பர் ஒட்டாத குளிர்காலம்

ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் மாதக் கடைசி நாளில் சின்யோரா தன் ஐஸ்கிறீம் கடையின் கண்ணாடிகளை உள்ளிருந்து பிறவுண் பேப்பரால் மூடிவிடுவார். பேப்பரைச் சுருளாக வாங்கி வைத்திருப்பார். நான் கதிரையில் ஏறி நின்று மேல் விளிம்பைப் பிடிக்க, அவர் கீழே நின்று ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்துக் கிழித்துத் தருவார். கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடக்கும், ஆனாலும் பல்லால்தான். கடைசியில் கதவுக் கண்ணாடிக்கு மட்டும் ஒரு தனித் தாள். அதில் தடித்த கறுப்பு எழுத்தில், ஜேர்மன் மொழியில், ஒரே ஒரு வரி இருக்கும்: "பெப்ரவரி கடைசியில் திரும்பி வருவோம்." மற்றத் தாள்களை வசந்தத்தில் கசக்கி எறிபவர், அந்த ஒன்றை மட்டும் நாலாக மடித்து மேசை லாச்சிக்குள் வைத்து, அடுத்த வருடமும் அதையே ஒட்டுவார். அந்தத் தாள் ஒட்டப்படாமல் போன ஒரு குளிர்காலத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கடை கார்ல்ஸ்ரூஹே நகரத்தில், ட்ராம் வளைந்து திரும்பும் ஒரு முனையில் இருந்தது. மன்னாரிலிருந்து அகதியாக வந்த நான் அங்கே கிளாஸ் கழுவச் சேர்ந்து, இரண்டாம் வருடமே முன்பக்கத்துக்கு வந்துவிட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை, வரிசையில் இருபது பேர் நின்றாலும் யார் என்ன கேட்டார் என்பது எனக்குத் தடுமாறாது. சின்யோரா என்பது இத்தாலியில் மணமான பெண்ணை மரியாதையாக அழைக்கும் சொல். வாடிக்கையாளர்கள் அப்படிக் கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். எங்கள் இருவருக்கும் இடையே ஓடியது உடைந்த ஜேர்மன். அதை இங்கே என் ஊர்த் தமிழில் எழுதினால் அவர் கோபிக்கமாட்டார்.

கடைச் சுவரில் நீலக் கடலும் படகும் எலுமிச்சை மரமுமாக ஒரு பெரிய படம் தொங்கியது. அதைப் பார்த்து ஜேர்மன்காரர்கள் பெருமூச்சு விட்டு, உங்கள் ஊர் எவ்வளவு அழகு என்பார்கள். சின்யோரா சிரித்துத் தலையாட்டுவார். அந்தக் கடலை அவர் வாழ்நாளில் பார்த்ததே இல்லை. அவருடைய ஊர் இத்தாலியின் வடக்கு மூலையில், மலை இடுக்கில் இருந்தது. குளிர்காலத்தில் வெயில் அந்தப் பள்ளத்தாக்குக்குள் எட்டியும் பார்க்காமல் வாரக்கணக்கில் போய்விடுமாம். அங்கே தினச் சாப்பாடு தக்காளியும் பாஸ்தாவும் அல்ல. சோளமாவைக் கிண்டிக் களியாக்கி, சீஸோடு உண்பார்கள். பக்கத்துத் தெருவில் பீட்சா கடை வைத்திருந்த சிசிலிக்காரரும் இவரும் அவரவர் ஊர்ப் பேச்சில் கதைத்தால் ஒருவருக்கு மற்றவர் சொல்வது பாதிகூட விளங்காது. "இத்தாலி ஒரு நாடாச் சேர்ந்ததே நேற்றைக்குப் போல. அதுக்கு முன்னம் துண்டுக்குத் துண்டு வேற ஆட்சி" என்பார். மன்னார் என்றால் யாழ்ப்பாணம்தானே என்று கேட்பவர்களோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போயிருந்த எனக்கு இது உடனே விளங்கியது. வெனிலா ஐஸ்கிறீமை அச்சில் பிழிந்து, மேலே ஸ்ட்ரோபெரிச் சாறு ஊற்றி, வெள்ளைச் சொக்லேட் துருவி, பார்வைக்கு ஸ்பகெட்டி மாதிரியே ஒன்று விற்போம். சனம் அதற்கு உயிரை விடும். அது ஜேர்மனியில் பிறந்த பண்டம். "இதை எங்கட ஊரில வித்தால் என்னைக் கல்லாலை எறிவாங்கள்" என்று ஒவ்வொரு தட்டுக்கும் முணுமுணுத்துக்கொண்டே பிழிவார்.

அவர்களுடைய கதையை நான் துண்டு துண்டாகத்தான் கேட்டேன், பெரும்பாலும் மழை நாட்களில். பள்ளத்தாக்குச் சனம் நெடுங்காலம் இரும்படித்து ஆணி செய்தது. வெனிஸ் நகரத்துக் கப்பல்களின் பலகைகளைப் பிடித்து வைத்தவை அந்த ஆணிகள். வெனிஸின் பலம் போக ஆணித் தொழிலும் போனது. ஆண்கள் மலை தாண்டிப் போய் வியன்னாவில் முதலில் அவித்த பேரிக்காய் விற்றார்கள், பிறகு தள்ளுவண்டியில் ஐஸ்கிறீம் விற்றார்கள். பின்னர் ஜேர்மன் நகரங்களில் கடை போட்டார்கள். கோடையில் விற்பது, குளிருக்கு வீடு திரும்புவது என்ற ஒழுங்கு மட்டும் மாறவில்லை. அதனால் அந்த ஊரில் கலியாணங்கள் எல்லாம் டிசம்பரில் நத்தாரை ஒட்டித்தான் நடக்கும். மணப்பெண்கள் வெள்ளை உடுப்புக்கு மேல் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு படம் எடுப்பார்கள். பிறந்தநாள்களோ இலையுதிர் காலத்தில் கூட்டமாக வரும். சின்யோராவுக்கும் அவர் கணவருக்கும் மகனுக்கும் ஒரே மாதம். ஏன் என்று கேட்டேன். "ஒன்பது மாசம் பின்னுக்கு நீரே எண்ணிப் பாரும்" என்று கண்ணடித்தார்.

மகன் என்றேன். அவனை அவர் பள்ளத்தாக்கிலேயே, சிஸ்டர்மார் நடத்தும் விடுதியில் விட்டிருந்தார். அந்த ஊரில் அது வழக்கம். அவரும் அப்படித்தான் வளர்ந்தவர். குளிர்காலத்து நாலு மாதம் மட்டும் பிள்ளை தாயோடு வீட்டில் இருப்பான். இதை அறிந்தபோது நான் மனதுக்குள் அவரை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். பத்து வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு வந்து ஊரான் பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் ஊட்டுகிறாளே, இவளும் ஒரு தாயா என்று. இப்படி நினைக்க எனக்கு என்ன தகுதி இருந்தது என்பதைத்தான் இனிச் சொல்லவேண்டும். என் மகள் ஏழு வயதிலிருந்து மன்னாரில் என் தங்கையோடு வளர்ந்துகொண்டிருந்தாள். கணவரை இழந்தபின் நான் தனியாகப் புறப்பட்டு வந்தவள். அதை நான் கடையில் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. பிள்ளையை விட்டிட்டு வந்தவள் என்ற சொல்லை இன்னொரு வாயிலிருந்து கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

பின்னேரம் நாலு மணிக்கு, எத்தனை பேர் வரிசையில் நின்றாலும், சின்யோரா மகனுக்குத் தொலைபேசி எடுப்பார். எனக்கு இத்தாலி மொழி தெரியாது. ஆனாலும் என்ன கேட்கிறார் என்பது தெரியும்: என்ன சாப்பிட்டாய், வீட்டுப்பாடம் செய்தாயா, தலை துவட்டினாயா. மூன்றாவது கேள்வியில் அவர் கை தானாகத் தன் தலைமுடிக்குப் போகும். ஈரத் தலையில் காற்றுப் பட்டால் பிள்ளை படுத்துவிடும் என்று இத்தாலித் தாய்மார் நம்புகிறார்கள். ஜேர்மன்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு ஞாயிறு காலை, கடை திறக்குமுன், பின்னறையில் நின்று தொலைபேசி அட்டையைச் சுரண்டி மன்னாருக்கு எடுத்தேன். மகள் பூசை முடிந்து வந்து தலை தோய்ந்திருந்தாள். "வடிவாத் தலை துவட்டினியோ? ஈரத்தோட முற்றத்தில நிக்காதை பிள்ளை, தடிமன் பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். சின்யோரா பால் பெட்டியோடு வாசலில் நின்றார். என் கை என் தலையில் இருந்தது. அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. பெட்டியை இறக்கி வைத்தார். "எத்தனை வயசு?" என்று மட்டும் கேட்டார். பதினாலு என்றேன்.

அடுத்த வருடம் ஊரில் சமாதானம் முறிந்து சண்டை மறுபடி தொடங்கியது. என் விசா அப்போதுதான் நிலைத்திருந்தது. மகளைக் கூப்பிட அன்ட்ராக் போட்டேன். விண்ணப்பத்துக்கு இங்கே எங்கள் சனம் ஜேர்மன் சொல்லையே வைத்துக்கொண்டுவிட்டது. செப்டெம்பரில் அலுவலகத்தில் எனக்கு நேரம் தந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பொறுமையாக, இரண்டு தரம் சொன்னார்: பிள்ளைக்குப் பதினாறு முடியுமுன் எல்லாம் சரியாக இருக்கவேண்டும், பருவகால வேலை போதாது, பன்னிரண்டு மாதமும் வேலை உண்டென்ற ஒப்பந்தம் வேண்டும். மகளுக்கு ஏப்ரலில் பதினாறு. கடையோ பெப்ரவரி கடைசிவரை பூட்டு. வேறு இடங்களில் கேட்டேன். குளிருக்குத் துப்புரவு வேலை தந்தவர்களும் அரை நேரம்தான் தந்தார்கள்.

சின்யோராவிடம் போய், பன்னிரண்டு மாதம் என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டேன்.  "இல்லாத வேலையை இருக்கெண்டு எழுத எனக்கு ஏலாது. பிடிபட்டால் உம்மட பிள்ளையின்ர அன்ட்ராக்கும் போகும், என்ர கடையும் போகும்" என்றார். சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குள் எட்டு வருடமாகக் கிடந்த நெருப்பு அன்று வாய் வழியாக வந்தது. "பெத்த பிள்ளையை மடத்தில தள்ளிப்போட்டு ஐஸ்கிறீம் விக்கிற உங்களுக்கு என்ர வயித்தெரிச்சல் எங்க விளங்கப் போகுது?" என்றேன். அவர் போய் ஐஸ்கிறீம் இயந்திரத்தின் வாளியைக் கழுவத் தொடங்கினார். ஏற்கனவே கழுவி வைத்திருந்த வாளி அது. அதன்பின் வாரக்கணக்கில் எங்களுக்குள் வேலைப் பேச்சு மட்டும்தான் இருந்தது. எனக்கு யாரும் சொல்லிவிடுவார்களோ என்று பயந்த சொல்லைத்தான் நான் அவருக்கு எறிந்தேன் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மன்னிப்புக் கேட்க நாக்கு எழவில்லை.

ஒக்டோபர் கடைசி நாள் வந்தது. அன்றைக்கு மீதமுள்ள ஐஸ்கிறீம் முழுவதையும் தெருப் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுப்பது கடையின் வழக்கம். சிரித்த முகத்தோடு கொடுத்துக்கொண்டே, எல்லோர் பிள்ளைக்கும் கொடுக்கிறேன் என் பிள்ளைக்கு மட்டும் இல்லை என்று உள்ளே நொந்துகொண்டிருந்தேன். எல்லோரும் போனபின் வழமைபோலக் கதிரையில் ஏறினேன். ஒட்டுநாடா கிழியும் சத்தம் கேட்கவில்லை. பேப்பர் சுருள் மேசையில் கிடந்தது. சின்யோராவும் கணவரும் தங்கள் மலைப் பேச்சில் உரத்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் நல்லவர், நாளுக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாதவர். அன்று ஒரு மாதத்துச் சொற்களை ஒரேயடியாகச் செலவழித்தார்.

"இறங்கும்" என்றார் சின்யோரா. இறங்கினேன். "எங்கட சனம் ஒரு நாளும் கடைத் திறப்பை வெளி ஆளிட்டைக் குடுத்ததில்லை எண்டுறார். வெனிஸ்காரங்கள் ஆணி அடிச்சது ஆர் எண்டு கேட்டோ கப்பல் ஏறினவங்கள் எண்டு நான் கேட்டன்." பிறகு குரல் தணிந்தது. "நான் பொய் எழுதமாட்டன். ஆனா குளிருக்கும் கடை திறந்திருந்தால் அது பொய் இல்லைத்தானே? நான் என்ர பிள்ளையிட்டைப் போகத்தான் வேணும். அவனுக்கு வேற மாசம் இல்லை. நீர் உம்மட பிள்ளைக்காகக் கடையைத் திறந்து வையும்." ஒப்பந்தம் ஏற்கனவே கையெழுத்தாகி மேசையில், பேப்பர் சுருளுக்குக் கீழே, பறக்காமல் இருந்தது. நான் அழுதேன். அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். "ஓம், அது கெட்ட சொல்லுத்தான்" என்றார் அவர். இல்லையென்று சொல்லாததால்தான் அவர் மன்னித்துவிட்டார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

அந்தக் குளிர்காலத்தை நான் நடத்திக் காட்டினேன். கோப்பி, கரண்டி நிற்கும் அளவுக்குத் தடிப்பான சுடு சொக்லேட், பின்னர் இத்தாலிக்காரர் தவக்காலத்துக்கு முந்திய கொண்டாட்ட நாட்களில் பொரிக்கும் மெல்லிய மாவுத் துண்டுகள். மாவைத் தட்டி எண்ணெயில் போடும் வேலைக்கு மன்னார்க்காரிக்கு யாரும் வகுப்பு எடுக்கவேண்டியதில்லை. பொரித்ததற்குச் சீனி தூவி, பிறவுண் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி அதற்குள் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியை மறைக்க வாங்கிய சுருள் அப்படித்தான் தீர்ந்தது. ஐஸ்கிறீம் கடை பனியில் திறந்திருக்கிறதே என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கையில் கூம்போடு போனார்கள். சின்யோராவின் கணவர் பள்ளத்தாக்கிலிருந்து வாரம் ஒருமுறை தொலைபேசி எடுத்து, இயந்திரம் சரியா என்று கேட்பார். ஓடாத இயந்திரத்துக்கு என்ன வரப்போகிறது! அது அவருடைய சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

பெப்ரவரியில் மகள் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினாள், என்னைவிட உயரமாக. வந்த மூன்றாம் நாள் காலை நான் முதலில் கடைக்குப் போய்விட்டேன். சின்யோராவும் அன்றுதான் பயணப்பெட்டியோடு வந்து சேர்ந்திருந்தார். சற்று நேரத்தில் கதவு திறந்தது. தாய் வேலை செய்யும் இடத்தைப் பார்க்கும் அவசரத்தில் மகள் தோய்ந்த தலையோடு, முடி நுனியில் தண்ணீர் சொட்ட, அந்தக் குளிருக்குள் நடந்து வந்திருந்தாள். நான் வாய் திறக்குமுன் சின்யோரா இத்தாலி மொழியில் ஒரு சத்தம் போட்டார். கிளாஸ் துடைக்கும் துவாயை இழுத்தெடுத்து, அவளைக் கதிரையில் இருத்தித் தலையைத் துவட்டத் தொடங்கினார், ஏசிக்கொண்டே. மகள் துவாய்க்குள்ளிருந்து, "அம்மா, இந்த அன்ரி என்ன சொல்லுறா?" என்றாள்.

"தலை துவட்டச் சொல்லுறா."

"அது விளங்குது. இது என்ன பாஷை?"

பள்ளிக்கூடம் தொடங்கியபோது அவள் பிறவுண் பேப்பர் கேட்டாள். எங்கள் ஊரில் கொப்பிக்கு உறை போடாமல் வகுப்புக்குப் போவது மரியாதை இல்லை. சுருள் தீர்ந்துவிட்டது என்றேன். சின்யோரா லாச்சியைத் திறந்து, நாலாக மடித்த அந்தத் தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். நான் தடுத்தேன். "பூட்டாத கடைக்கு இது எதுக்கு?" என்றார்.

இப்போது சின்யோரா பள்ளத்தாக்கிலேயே இருக்கிறார், மகனோடும் பேரப்பிள்ளைகளோடும். கடையை நான் எடுத்து நடத்துகிறேன். சுவரில் அதே கடல் படம். ஜேர்மன்காரர்கள் இப்போது என்னைப் பார்த்து, உங்கள் ஊரா என்று கேட்கிறார்கள். நானும் சிரித்துத் தலையாட்டுகிறேன். அண்மையில் அலுமாரியை ஒதுக்கியபோது மகளின் கணக்குக் கொப்பி வந்தது. மேலே அவள் பெயரும் வகுப்பும், ஜேர்மன் எழுத்துப் பழகிய புதிதில் அழுத்தி எழுதியவை. உறையின் மடிப்பை விரித்துப் பார்த்தேன். உள்பக்கத்தில் கறுப்பு எழுத்து மங்காமல் இருந்தது. வெட்டுப்பட்டதில் பெப்ரவரி போய்விட்டது. "திரும்பி வருவோம்" மட்டும் மீதி. உறையை மறுபடி மடித்துக் கொப்பியை அதன் இடத்தில் வைத்துவிட்டு, கடை திறக்கப் போனேன். அன்று ஒக்டோபர் மாதக் கடைசி நாள்.