பேய்ப் படப் பெட்டிக்குள் என் மாமனார்

பழைய வீடியோ கேசட் கேட்டு வருகிறவனைக் கண்டால் பழைய இரும்புக் கடைக்காரருக்குக்கூட இளக்காரம். ஊரே வேண்டாமென்று தள்ளியதை வாங்கிப் பிழைக்கிறவர் அவர். தனக்கும் கீழே ஒருவன் அகப்பட்டுவிட்டான் என்ற நிம்மதி அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரியும். வீட்டில் எதையோ ஒரு நாள் தொலைத்துவிட்டு, அதற்காகக் காலம் முழுக்கப் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கும் கணவன்மார்கள் யாராவது இதைப் படித்தால், என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். இடம் இருக்கிறது.

நான் புதுக்கோட்டை–பொன்னமராவதி தடத்தில் ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். எனக்குக் கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் கேசட் ஓட்டும் டெக் கிடையாது. கல்யாண கேசட் கைக்கு வந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை டெக்கை வாடகைக்கு எடுத்து, சொந்தபந்தத்தையெல்லாம் கூப்பிட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். வெறும் கல்யாணத்தைப் பார்க்க ஒருவரும் வர மாட்டார்கள். கூடவே ஒரு சினிமாவும் வேண்டும். பொன்னமராவதி வீடியோ லைப்ரரியில் மிச்சமிருந்தது ஒரு பேய்ப் படம்தான். வந்தவர்கள் போட்ட சத்தத்தில் கல்யாணமும் காதில் விழவில்லை, பேயும் காதில் விழவில்லை. மறுநாள் டெக்கையும் படத்தையும் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு கேசட்டிலும் லேபிள் இல்லை. பெட்டியை மாற்றிப் போட்டுவிட்டேன்.

அது தெரிந்தது ஒன்றரை வருஷம் கழித்து. என் மாமனார் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், அப்பாவை ஒரு தடவை பார்க்க வேண்டும், குரலைக் கேட்க வேண்டும் என்றாள் என் மனைவி சரோஜா. போட்டோவில் அவர் விறைப்பாக நிற்பார், அவ்வளவுதான். பேசுவது அந்த கேசட்டில் மட்டும்தான். டெக் கொண்டுவந்து போட்டேன். ஒரு பாழடைந்த பங்களாவின் கதவு கிறீச்சென்று திறந்தது. அதற்குள் லைப்ரரியை மூடி, கேசட்டையெல்லாம் ஆளுக்குக் கொஞ்சமாக விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். சரோஜா அன்றைக்கு அழுதுகொண்டே சொன்னதை இன்றுவரை ஒரு சொல் மாறாமல் சொல்லுவாள்: "பேயக் கொண்டாந்து பீரோவுல வச்சுட்டு எங்கப்பாவ வாடகைக்கு விட்டுட்டீங்க."

அதிலிருந்து, ஏதாவது ஒரு பெட்டிக்குள் மாமனார் இருப்பார் என்று, அந்தப் பேய்ப் படம் எங்கே மலிவாகக் கிடைத்தாலும் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

கிளிக்குக் காட்டிய படம்

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒருவர் மூட்டை நிறைய கேசட் வைத்திருப்பதாக ஒரு பயணி துப்புக் கொடுத்தார். லீவு போட்டுவிட்டுப் போனேன். வீட்டில் ஆள் இல்லை, சோளக் கொல்லையில் இருந்தார். வரப்பில் நின்று பார்த்தால், குச்சிக்குக் குச்சி கறுப்பு நாடா கட்டியிருக்கிறது. காற்றில் அது ஙொய்யென்று இரைந்துகொண்டிருந்தது. மூட்டையிலிருந்த கேசட்டையெல்லாம் உடைத்து, நாடாவை உருவிக் கட்டியிருக்கிறார் மனுஷன். பெட்டிகளை அடுப்பில் வைத்தாயிற்றாம்.

மாமனார் பிறந்த ஊரிலேயே மாமனாரைச் சோளத்துக்குக் காவல் போட்டிருந்தால், சரோஜாவிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? அதில் என்னென்ன படம் இருந்தது என்று கேட்டேன். இதையெல்லாம் ஒரு கேள்வி என்று கேட்க பஸ் ஏறி வந்தாயா என்பதுபோல் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ன படமோ எனக்குத் தெரியாது தம்பி. ஆனா ஒரு கிளி வந்து உக்காரல."

ஓடாததுக்குத்தான் விலை

திருமயம் ரோட்டோரம் ஒரு கடை இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளில் கழித்துக் கட்டிய தூண், ஊறுகாய் ஜாடி, மணியடிக்காத கடிகாரம் எல்லாவற்றையும் கார்காரர்களுக்கு விற்பார்கள். அங்கே கண்ணாடி அலமாரிக்குள் பேய்ப் படம் ஒன்று பட்டுத்துணிமேல் உட்கார்ந்திருந்தது. விலை எண்ணூறு. பழைய இரும்புக் கடையில் பத்து ரூபாய்க்கு வாங்குகிற சாமான். குலுக்கிப் பார்த்தேன், உள்ளே ஏதோ உடைந்து கடகடவென்றது.

கடைக்காரரைத் திறந்து காட்டச் சொன்னேன். காட்டினார். நாடாவே இல்லை, வெறும் கூடு. நாடா இல்லாத கேசட்டுக்கு எண்ணூறா என்று சண்டைக்கே போய்விட்டேன். அந்த நேரம் பார்த்து, காபிக் கடைச் சுவருக்கு வேண்டுமென்று வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, பேரமே பேசாமல் அதையும் இன்னும் ஒன்பதையும் எடுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் எனக்குப் பாடம் நடத்தினார்: "ஓட்டிப் பாக்குறதுக்கு வாங்குறவன் பேரம் பேசுவான் சார். மாட்டி வைக்க வாங்குறவன் பேச மாட்டான்."

உலகத்தில் இருந்த ஒரே ரசிகர்

ஆவூரில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். அந்துருண்டை போட்டு, அகர வரிசைப்படி, மரப்பெட்டியில் கேசட் வைத்திருப்பவர். அவரிடம் பேய்ப் படம் இருந்தது. முதல் ஐந்து நிமிஷம் மட்டும் ஓட்டிக் காட்டினால் போதும் என்றேன். காரணத்தையும் சொல்ல வாய் திறந்தேன். வாத்தியார் சொல்ல விட்டால்தானே? நான் அந்தப் படத்துக்கு ரசிகன் என்று அவராகவே முடிவு கட்டி, ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, இரண்டே கால் மணி நேரம் முழுப் படத்தையும் ஓட்டினார். பேய் வரும் முன்னே, "இப்ப வரும் பாருங்க" என்று என் தொடையைத் தட்டினார். பேய் வெள்ளைச் சேலை கட்டி, காலில் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தது.

அது அசல் பேய்ப் படம்தான் என்பது பங்களாக் கதவு திறந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. மிச்ச நேரம் முழுக்க என் பாவத்துக்குத் தண்டனை. அவர் வீட்டம்மா காபியை என் கையில் கொடுத்துவிட்டுப் பரிதாபமாகச் சொன்னார்: "இந்தப் படத்துக்காக ஒரு ஆளு வீடு தேடி வருவாருன்னு இவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு. நாந்தாங்க நம்பல."

டிரைவர் கொடுத்த விளக்கம்

வாங்கியதையெல்லாம் ஒரு பையில் போட்டு டிரைவர் ராசுவின் சீட்டுக்குப் பின்னால் வைப்பேன். அவர் என்னோடு பதினேழு வருஷமாக ஓட்டுகிறவர். என் கதை தெரியும், ஆனால் இரக்கம் கிடையாது. ஒரு நாள் டிக்கெட் பரிசோதகர் ஏறி, இது என்ன பை என்றார். நான் விளக்கம் சொல்வதற்குள் ராசு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "மாமனாரத் தேடுறாரு சார். இதுவரைக்கும் ஆறு பேயி மாட்டியிருக்கு."

தையல் மெஷினுக்கு அடியில்

போன மாசம் பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டில் தையல்கடைக்காரப் பெண் ஒருவர் ஏறினார். நாற்பது வயசுக்குமேல் இருக்கும். பைக்குள் இருந்த கேசட்டைப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி ஒண்ணு எங்க கடையிலயும் கெடக்குண்ணே. மெஷின் ஆடாம இருக்க முட்டுக் குடுத்திருக்கேன்" என்றார். என்ன படம் என்றேன். "பெட்டியில பேயி படம் போட்டிருக்கும். உள்ள பேயெல்லாம் இல்ல. ஏதோ கல்யாணம்."

என் கையிலிருந்த சில்லறை கீழே கொட்டிவிட்டது. அந்தப் பெண் ஊருக்குத் திரும்பிய டிரிப்பில், ராசு தனியாகப் பஸ்ஸோடு நின்று திட்டிக்கொண்டிருக்க, நான் அவரோடு பொன்னமராவதியில் இருக்கும் அவர் கடைக்கு ஓடினேன். மெஷினின் இடது முன்கால். தூசியும் நூலும் அப்பிய பெட்டி. துடைத்தால், லைப்ரரியின் வட்ட முத்திரை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள் என்று, பேரம் பேசுகிறவன் வாயில் வரவே கூடாத வார்த்தையைச் சொன்னேன். அந்தப் பெண் காசு வாங்கவில்லை, அதே கனத்தில் இன்னொன்று கொடுத்தால் போதும் என்றார். மறுநாள் எங்கள் பீரோவில் முப்பது வருஷமாகக் குடியிருந்த பேயையே கொண்டுபோய் மெஷின் காலுக்கு வைத்தேன். கொஞ்சம்கூட ஆடவில்லை.

லைப்ரரியை மூடும்போது அவருடைய அப்பா அதைப் பேய்ப் படமென்றே வாங்கினாராம். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, தாலி கட்டுவதிலிருந்து மொய் எழுதுவதுவரை பார்த்திருக்கிறார்கள். கிளம்பும்போது என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு அந்தப் பெண் சொன்னார்: "கடைசி வரைக்கும் பேயி வரும் வரும்னு பாத்தோம். வரலன்னதும் மாப்பிள்ளைதான் பேயின்னு முடிவு பண்ணிட்டோம். ஏண்ணே, அது நீங்களா?"

ரீவைண்ட்

உடனே போடவில்லை. பயம். பூஞ்சை பிடித்த நாடா டெக்கில் சிக்கினால் அவ்வளவுதான். ஆவூர் வாத்தியாருக்குப் போன் போட்டேன். விஷயம் தெரிந்ததும், பேய்ப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கே வந்தார். இரண்டு நாள் உட்கார்ந்து, மெல்லிய துணியால் துடைத்துத் துடைத்து, கையாலேயே சுற்றி முடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை போட்டோம். சரோஜா சேலை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள், அவள் அப்பா நேரிலேயே வருவதுபோல.

படம் முழுக்கக் கோடு. என் முகம் பச்சையாக இருந்தது. தையல்கடைக்காரப் பெண் வீட்டார்மேல் தப்பில்லை. சத்தம் மட்டும் சுத்தமாகக் கேட்டது. கேமரா என்னையே காட்டிக்கொண்டிருந்தபோது, தோளில் துண்டோடு மாமனார் குறுக்கே வந்து கேமராக்காரரின் கையைப் பிடித்தார். முதல் தடவை போட்டபோது எங்கள் வீட்டுச் சத்தத்தில் யார் காதிலும் விழாத பேச்சு இப்போது விழுந்தது. சரோஜா முதலில் சிரித்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் திரும்பப் போடச் சொன்னாள். எத்தனை தடவை திரும்பப் போட்டேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் வந்து அதையேதான் சொன்னார்: "ஏய்யா, மாப்பிள்ளையவே எம்புட்டு நேரம் எடுப்ப? அவரு எங்கிட்டும் போயிற மாட்டாரு. அங்கிட்டுப் பந்தியில எம்மக பசியோட நிக்கிது, அதப் போயி எடு."

ஆக, மாவட்டம் முழுக்க அலைந்து பேரம் பேசி நான் கண்ட பலன் இதுதான்: இத்தனை வருஷமும் வீட்டில் என்னை இளக்காரமாகப் பேச ஒருவர் மட்டும் இருந்த இடத்தில் இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள்.