ஆமைக்கு இரண்டு நிமிடம்

தேநீரை அவர் முப்பது விநாடியில் குடித்துவிடுவார். இரண்டு கார்ட்டூன்களுக்கு நடுவே ஒரு முன்னோட்டம் ஓடும் நேரம் அது. சூடு அதிகமாக இருந்தால் கோப்பையை என்னிடமே திருப்பி நீட்டி, "முயல் முடியட்டும் தங்கச்சி, குடிக்கிறேன்" என்பார். முயல் கார்ட்டூன் பதினொரு நிமிடம்.

குழந்தைகளுக்கான சந்தா சேனல் அது. எது எத்தனை மணிக்குப் போகவேண்டும் என்று பார்த்து ஒளிபரப்புகிறவர் அவர். நான் அங்கே பெருக்கித் துடைக்கிறேன். எல்லோருக்கும் அவர் 'செகண்ட் அண்ணன்'. "சண்டை போட்டாக்கூட வாட்சைப் பாத்துக்கிட்டேதான் போடுவாரு. நேரம் முடிஞ்சா எழுந்து போயிடுவாரு" என்று அண்ணி ஒருமுறை என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

சேனல் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறார். அப்போது மதியம் நான்கு மணி நேரம்தான்; மீதி நேரம் அதே அலைவரிசையில் வேறு யாரோ செய்தி வாசிப்பார்கள். பெற்றோர் சந்தா கட்டுகிறார்கள், அதனால் விளம்பரமே கிடையாது என்பது அன்றைக்குக் கொடுத்த வாக்கு. பிறகு சேனல் நாள் முழுவதும் ஓடியது. மூன்று முறை கை மாறியது. சேனலின் சின்னத்தில் வாத்து போய் நட்சத்திரம் வந்தது, பிஸ்கட் விளம்பரமும் வந்தது. "வாத்து போச்சு, வாக்கும் போச்சு" என்பார். பிள்ளைகள் கைபேசிப் பக்கம் போனார்கள். போன மாதம், மூடப்போவதாகக் கடிதம் வந்தது.

கடைசி நாள் மாலை நான்கு மணிக்குத் தலைமை அலுவலகத்தில் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். கடைசி நிகழ்ச்சி ஆமைக்குட்டி. மூன்று வருடமாக அம்மாவைத் தேடி நடக்கிற ஆமை அன்றைக்குத்தான் கண்டுபிடிக்கிறது. ஆனால் கதை முடிய நான்கு மணி இரண்டு நிமிடம் ஆகும் என்பதைப் பட்டியல் போட்டவர்கள் கவனிக்கவில்லை. அம்மா வருவதே அந்த இரண்டு நிமிடத்தில்தான்.

காலையிலேயே அண்ணன் மேலாளரைப் போனில் பிடித்தார். "சார், ஆனை நுழைஞ்சு வால் மாட்டுன கதையா ஆயிடும்."

"ஆனையில்லய்யா, ஆமை. விடு, எவன் பாக்கப்போறான்?"

அவர் விடவில்லை. ஒவ்வொரு இடைவேளையிலும் முன்னோட்டங்களை உருவினார். "நாளைக்கு இல்லாததுக்கு இன்னைக்கு எதுக்கு முன்னோட்டம்?" இங்கே பத்து விநாடி, அங்கே பதினைந்து. தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியது. மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் சேர்ந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்தார்.

போன் அடித்தது. மேலாளர்தான். "புது முதலாளியோட நன்றி அறிவிப்பு அனுப்பியிருக்கேன். ஆமைக்கு முன்னாடி போட்டே ஆகணும்."

"எவ்வளவு சார்?"

"நாப்பது செகண்டுதான்."

அந்தத் 'தான்' அவரைச் சுட்டது. காது மடல் சிவந்ததைப் பார்த்தேன். உருவுவதற்கு இனி முன்னோட்டமே இல்லை. கதையில் அவர் கை வைக்கமாட்டார். அறிவிப்பு ஓடத் தொடங்கியது. முதலாளி அவசரமே இல்லாமல், சிரித்துச் சிரித்து நன்றி சொன்னார். அண்ணனின் விரல் பட்டியலில் ஏறி இறங்கியது, ஓரிடத்தில் நின்றது. முதலாளி கையசைத்து விடைபெறுவதற்குள் ஆமையின் தொடக்கப் பாட்டை நீக்கிவிட்டார். நாற்பத்தைந்து விநாடி.

"பாட்டு பிள்ளைங்களுக்கு மனப்பாடம்" என்றார், என்னைப் பார்க்காமல். "அம்மாவத்தான் இன்னும் பாக்கல."

பாட்டில்லாமல் ஆமை நேராக மணலில் இறங்கி நடந்தது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான்கு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது பாறைக்குப் பின்னாலிருந்து அம்மா தலையை நீட்டியது. இரண்டும் மூக்கை உரசிக்கொண்டன. 'முற்றும்' வந்து ஐந்தே விநாடி. திரை கறுத்தது.

வரவேற்பறைப் பெண்ணிடமிருந்து போன். "அண்ணே, ஒரு குட்டிப்பொண்ணு லைன்ல இருக்கா. பாட்டு எங்கேன்னு ஒரே அழுகை. என்ன சொல்லட்டும்?"

"குடும்மா" என்றார். கதவைச் சாத்தச் சொல்லி எனக்குக் கை காட்டினார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, ரிசீவரை இரண்டு கையாலும் வாயோடு சேர்த்துப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தார்.