அத்தான் அடைத்த வாளிகள்

என் அக்காவின் வீட்டுக்காரரோடு இன்னொரு வீட்டுக்குப் போவது பெரிய சோதனை. நாம் வாசலில் நின்று நலம் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய காது உள்ளே போய்விடும். எங்காவது குழாய் சொட்டுகிறதா என்று தேடும். ஒரு முறை துக்கம் விசாரிக்கப் போயிருந்தோம். எல்லோரும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, இவரை மட்டும் காணோம். எழுந்து போய்ப் பார்த்தால், சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "பாப்பா, அந்த ஸ்பேனரை எடு" என்கிறார் என்னைப் பார்த்து. துக்க வீட்டுக்கு ஸ்பேனரோடு வந்த மனுஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

முப்பத்தொரு வருஷமாகக் குழாய் வேலை. "நான் கை வெச்ச இடம் திரும்ப ஒழுகாது" என்பது அவர் வாயிலிருந்து நாளுக்கு நாலு தடவையாவது வரும். எரிச்சல் என்னவென்றால் அது உண்மை. மேல் மாடியில் குடியிருக்கும் எனக்கே அவர் ஒன்பது வருஷத்துக்கு முன் மாற்றிக் கொடுத்த குழாய் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது. அதனால் அத்தானைக் கிண்டல் பண்ணலாம், குறை சொல்ல முடியாது.

அக்கா இருபத்திரண்டு வருஷம் பொத்தான் தொழிற்சாலையின் கேன்டீனில் சமைத்தவள். தினமும் முந்நூறு பேருக்கு. போன வருஷம் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் அவளாக இல்லை. கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவுவாள். ரெண்டு பேருக்குச் சமைக்க உட்கார்ந்தால் ஒரு மூட்டை வெங்காயம் உரித்து வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். நான் அலுவலகத்திலிருந்து வந்து கதவைத் தட்டினால், "வாடி" என்பாள், அதற்கு மேல் பேச்சு வராது. எனக்கு உள்ளுக்குள் பயமாகவே இருந்தது.

அப்போதுதான் இரண்டு தெரு தள்ளி இருக்கும் முதியோர் இல்லத்தில், வயதானவர்கள் குனியாமல் நின்றபடியே செடி வளர்க்க ஒரு தொட்டித் தோட்டம் போடப் போகிறார்கள், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டோம். அந்த இல்லத்து மேலாளர் ஒரு கண்டிப்பான அம்மாள். அக்காவிடம், "தோட்ட வேலை பழக்கமில்லைன்னு நீங்களே சொல்றீங்க. வீட்டுல நாலு வாளியில உருளைக்கிழங்கு போட்டு எடுத்துக் காட்டுங்க. நானே வந்து பாக்கறேன். அப்புறம் பேசுவோம்" என்று சொல்லி அனுப்பினார்.

அக்காவுக்கு உயிர் வந்த நாள் அது. பழைய பெயின்ட் வாளிகள் நாலு தேடிப் பிடித்துத் தேய்த்துக் கழுவினாள். அத்தானின் டிரில்லை எடுத்து ஒவ்வொன்றின் அடியிலும் ஆறு ஓட்டை போட்டாள். அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பார்க்கச் சகிக்கவில்லையாம். கொஞ்சம் மண், அதன்மேல் முளைவிட்ட கிழங்குத் துண்டுகள், மேலே இன்னும் கொஞ்சம் மண். செடி உயர உயர, தண்டைச் சுற்றி மண்ணைக் கூட்டிக்கொண்டே போனாள். அடுப்படிக்குப் பின்னால் இருக்கும் சின்ன சிமென்ட் முற்றம் பச்சைப் பசேல் என்று ஆனது. மேலாளர் அம்மாள் வந்து பார்ப்பதற்கு ஒரு சனிக்கிழமையும் முடிவாயிற்று.

அதற்குப் பதின்மூன்று நாளுக்கு முன் எங்கள் சித்திக்குக் கண் அறுவைச் சிகிச்சை. உடன் இருக்க அக்கா கிளம்பினாள். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு என் தலையில். "அடியில சொட்டுற வரைக்கும் ஊத்து. சொட்டினதும் நிறுத்திடு. அவ்வளவுதான்டி" என்று மூன்று தடவை சொன்னாள்.

நான் முதல் நாள் காலையில் ஊற்றினேன். நாலு வாளியும் சொட்டின. நிறுத்தினேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. பிறகு நடந்ததை அன்றைக்கு நான் அறியேன், உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அத்தான் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். அவர் படுக்கும் அறை ஜன்னல் அந்த முற்றத்தைப் பார்த்தது. டொக், டொக் என்று சத்தம். புரண்டு படுத்தார். காதில் துணியைச் சுற்றிக்கொண்டார். கடைசியில் எழுந்து, குழாய் இணைப்புக்குப் பூசுகிற பசையைப் பிசைந்து, வாளிகளைச் சாய்த்து, இருபத்துநாலு ஓட்டையையும் ஒழுங்காக அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். கை தானாகச் செய்த வேலை. சாயங்காலம் மறந்தே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து நான் ஊற்றுகிறேன், சொட்டவில்லை. இன்னொரு குவளை. சொட்டவில்லை. வெயிலுக்கு மண் இழுக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு வாளி வாளியாக ஊற்றினேன். மேலே தண்ணீர் தேங்கியது, எப்படியும் இறங்கிவிடும் என்று விட்டுவிட்டேன். நாலாவது வாளி மட்டும் கொஞ்சம் ஊற்றினாலே சொட்டியது. அதை அதோடு விட்டேன். தபால் ஆபீசில் முத்திரை குத்துகிறவளுக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும்?

மேலாளர் அம்மாள் வருவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா வந்தாள். பையைக்கூட இறக்காமல் முற்றத்துக்குப் போனாள். மூன்று வாளிச் செடிகளும் மஞ்சளாகித் துவண்டு கிடந்தன, நாலாவது மட்டும் பச்சையாக நின்றது. முதல் வாளிக்குள் கையை விட்டாள். கொழகொழவென்று ஏதோ வந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. அவள் வாளியைச் சாய்த்து அடியைப் பார்த்தாள். வழவழவென்று, விரலால் நீவி நீவிப் பூசிய பசை. அது யார் கை என்று இந்த வீட்டில் யாரும் கேட்கத் தேவையில்லை.

அத்தான் வந்ததும் அவள் கத்தியிருந்தால் தேவலை. வாளியை மட்டும் காட்டினாள். அவர் திருதிருவென்று விழித்தார். "சத்தம் வந்துச்சு... தூக்கம் வரல... அப்புறம் மறந்துட்டேன்மா."

"நானும்தான் அத்தான் ஊத்தினேன், குளம் மாதிரி" என்றேன் நான்.

அக்கா கையைக் கழுவினாள். "போன் பண்ணி அந்தம்மாவை வரவேண்டாம்னு சொல்லிடறேன். எனக்கு இதுக்கெல்லாம் ராசி இல்ல." சொல்லிவிட்டு, காய்ந்து கிடந்த தட்டு ஒன்றை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய பயம் திரும்ப வந்தது. அத்தானுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

அவர் முற்றத்தில் மண்டியிட்டார். நாலாவது வாளியைத் தூக்கிப் பிடித்து அடியில் கையை வைத்தார். பிறகு ஈர விரலை எங்களிடம் நீட்டினார்.

"ஒழுகுது" என்றார். "ஏம்மா, இங்க பாரு. இது ஒழுகுது!"

அன்றைக்கு அவருடைய கருவிப் பையில் இருந்த புதுப் பசை மூன்று வாளியோடு தீர்ந்துபோயிருக்கிறது. நாலாவதுக்குப் பையின் அடியில் கிடந்த காய்ந்த மிச்சத்தைப் பூசியிருக்கிறார். அது பிடிக்கவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் எங்களுக்குத் தெரிந்து அவர் அடைத்து ஒழுகியது இந்த ஒன்றுதான்.

"போன் பண்ணாத. அந்தம்மா வரட்டும். அவங்க முன்னாடியே கொட்டலாம்."

"உள்ள ஒண்ணும் இல்லன்னா?"

"இல்லன்னா நான் பேசிக்கறேன்."

சனிக்கிழமை காலை மேலாளர் அம்மாள் வந்தார். மூன்று வாளிகளையும் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்னங்க இது?" அக்கா வாயைத் திறப்பதற்குள் அத்தான் முன்னால் வந்து நின்றார். பழியைப் பசைமேல் போடப் போகிறார் என்று நினைத்தேன்.

"இவ சரியாத்தான் செஞ்சாம்மா. ஓட்டையை அடைச்சது நான். மூணு அழுகிப்போச்சு. நாலாவதுல என் வேலை ஒழுகிடுச்சு. அதனாலதான் அந்தச் செடி பொழைச்சிருக்கு."

தன் வேலை ஒழுகியது என்று அந்த மனுஷன் வெளியாளிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அவர் குரலில் வெட்கமே இல்லை.

அக்கா தார்ப்பாயில் நாலாவது வாளியைக் கவிழ்த்தாள். மண் உதிர்ந்தது. முதலில் வேர்தான் தெரிந்தது. அவள் விரலால் கிளறக் கிளற ஒன்று, இன்னொன்று, பிறகு கொத்தாக நாலு. பெரிதும் சிறிதுமாகப் பதினாறு. வெளிர்த் தோலோடு கெட்டியாக இருந்தன. அப்பாடா என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

மேலாளர் அம்மாள் ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தார். அழுகிய வாளிகளையும் மறுபடி பார்த்தார். "தண்ணி நின்னா என்ன ஆகும்னு இனிமே உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். திங்கக்கிழமை காலையில வந்துடுங்க" என்றார். கதவுவரை போனவர் திரும்பி, "உங்க வீட்டுக்காரரை மட்டும் தோட்டத்துப் பக்கம் விட்டுடாதீங்க" என்றார்.

அக்கா சிரித்தாள். தார்ப்பாயின் மேல் உட்கார்ந்து, கையெல்லாம் மண்ணாக, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மத்தியானம் அந்தக் கிழங்குகளையே வேக வைத்து உப்பும் மிளகும் போட்டாள். மூன்று தட்டு வைத்தாள். அத்தான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், சாப்பிடவில்லை. அக்கா தண்ணீர் எடுக்க உள்ளே போனதும் என் பக்கம் குனிந்தார்.

"பேக்டரி மூடின இந்த எட்டு மாசமா எனக்குப் போட்டுட்டு அடுப்பு பக்கம் போய் நின்னுட்டே தின்னுவா பாப்பா. இன்னிக்குத் தனக்கும் தட்டு வெச்சிருக்கா."