மைக்கில் கேட்ட இருமல்

"அந்த ஒரு வரியச் சொன்னா உன் ஃப்ரெண்டுக்கு இன்னா கொறஞ்சு பூடும்?"

தலைமை ஆசிரியையின் அறையில் சுகுமார் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. இரும்புலியூரில் பாதி பேனர்களில் அவர் படம் இருக்கும். எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் முதல் நாற்காலி அவருடையது. பக்கத்தில் நின்ற ஜாஸ்மின் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஜாஸ்மினை நீங்கள் உங்கள் போனில் பார்த்திருக்கலாம். அதில் வராததை எழுதுகிறேன்.

இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, மாடிப்படிக்குக் கீழே உள்ள போர்ஷனில்தான் அவள் வளர்ந்தாள். அப்பா மெர்வின், ஏசி மெக்கானிக். கோடைக்காலத்தில் அவரை வீட்டில் பார்க்கவே முடியாது. அம்மா ரோஸி ஒரு பிளவுஸ் கடையில் ஹெம்மிங் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் டயர் கடைக்கு மேல் உள்ள ஒரு சின்ன ஜெபக் கூடத்துக்குப் போவார்கள். தாம்பரத்தில் இருக்கும் மற்ற கிறிஸ்தவர்களுக்கே அந்தச் சபையைத் தெரியாது. பொங்கலுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார்கள். தேசிய கீதத்தைச் சத்தமாகப் பாடுவார்கள். ஒன்று மட்டும் செய்யமாட்டார்கள். கடவுள் பெயரில் ஆணையிடமாட்டார்கள்.

சின்ன வயதில் பென்சில் தொலைந்தால் நாங்கள் எல்லாரும் "சாமி சத்தியமா நான் எடுக்கல" என்று தலையில் கை வைத்துக் கத்துவோம். அவள் "நான் எடுக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா நிற்பாள். முதலில் அவளைத்தான் சந்தேகப்பட்டார்கள். அவள் பொய்யே சொல்வதில்லை என்று தெரிந்த பிறகு, வகுப்பில் எது காணாமல் போனாலும் மிஸ் அவளிடம்தான் கேட்பார்.

"எதுக்குடி இப்டி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் சொன்னதுக்கு நான்தானே பொறுப்பு? அதுக்குப் போயி கடவுளை எதுக்குடி ஜாமீனுக்கு இஸ்துக்கினு வரணும்?" என்று சிரித்தாள்.

எங்கள் பள்ளியில் எல்லாப் பள்ளிகளையும் போலத்தான் உறுதிமொழி சொல்லிவந்தோம். மைக்கில் ஒரு ஆள் ஒரு வரி சொல்ல வேண்டும், மைதானம் முழுவதும் திருப்பிச் சொல்லும். நாங்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்த ஜூனில் தாளாளர் கடைசியில் ஒரு வரியைச் சேர்த்தார்: "இதற்குக் கடவுளே சாட்சி, கடவுள் மேல் ஆணை." பிள்ளைகளுக்குப் பக்தி வரவேண்டும் என்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜாஸ்மின் வரிசையில் நின்று எல்லா வரியும் சொல்வாள், அந்த வரி வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். ஆயிரம் குரலில் ஒரு குரல் குறைவது யாருக்குத் தெரியும்? எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

குடியரசு தினத்தன்று உறுதிமொழி சொல்ல வேண்டிய எழிலுக்குக் காய்ச்சல். பி.டி. சார் ஜெயகிருஷ்ணன் சுற்றிப் பார்த்தார். ஜாஸ்மினுக்குக் கணீரென்ற குரல் என்று அவருக்குத் தெரியும். "நீ வாம்மா, சீக்கிரம்" என்று மைக்கைக் கையில் திணித்துவிட்டார்.

அவள் நன்றாகத்தான் சொன்னாள். கடைசி வரிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். மைதானம் காத்திருந்தது. கொடிக்கயிறு கம்பத்தில் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பயத்தில் அவளுக்குத் தொண்டை அடைத்து, மைக்கிலேயே ஒரு இருமல் வந்துவிட்டது.

முன்வரிசையில் இருந்தது ஒன்றாம் வகுப்பு. மைக்கில் எது வந்தாலும் திருப்பிச் சொல்லத்தான் அவர்களுக்குப் பழக்கம். எல்லாரும் சேர்ந்து இருமினார்கள்.

மைதானமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. பி.டி. சார் மைக்கைப் பிடுங்கி அந்த வரியை அவரே சொல்லி முடித்தார். ஆனால் கொடியேற்றத்தைப் போனில் எடுத்துக்கொண்டிருந்த பெற்றோரில் ஒருவர் அதையும் எடுத்துவிட்டார்.

மத்தியானமே அது ஏரியா வாட்ஸ்அப் குழுக்களில் ஓடியது. அவள் நிற்பதும், இருமுவதும், குழந்தைகள் இருமுவதும், சிரிப்பும் மட்டும்தான் அதில் இருந்தன. மேலே "கடவுளையும் தேசத்தையும் கேலி செய்த மாணவி. குழந்தைகளையும் தூண்டிவிட்டாள்" என்று போட்டிருந்தார்கள்.

சாயங்காலம் அவளோடு கடைக்குப் போனேன். டீக்கடையில் நின்ற பையன்கள் எங்களைப் பார்த்து இருமினார்கள். பைக்கில் போன ஒருவன் வேகத்தைக் குறைத்து, இருமிவிட்டுப் போனான். அவள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். "வூட்டுக்குப் போலாம்டி" என்றாள். பால் வாங்காமலே திரும்பினோம்.

மறுநாள்தான் அவளையும் மெர்வின் அங்கிளையும் தலைமை ஆசிரியை அறைக்குக் கூப்பிட்டார்கள். அவள் தோழி என்பதால் என்னையும் அழைத்தார்கள். அங்கேதான் சுகுமார் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் விழிப்பதைப் பார்த்து மெர்வின் அங்கிள் முன்னால் வந்தார்.

"சார், ஒரு ஆக்சிடென்ட் கேஸ்ல நான் சாட்சி சொன்னேன். ஆணை வேணாம், உளமார உறுதி சொல்றேன்னேன். கோர்ட்லயே ஒத்துக்கினாங்க சார்."

"இது கோர்ட்டா? ஸ்கூலுப்பா. இங்க சட்டம் பேசாத" என்றார் சுகுமார்.

தலைமை ஆசிரியை யார் முகத்தையும் பார்க்கவில்லை. "திங்கட்கிழமை அசெம்பிளியில மன்னிப்பு கேட்டு, உறுதிமொழிய முழுசா சொல்லட்டும். இல்லன்னா பிராக்டிகலுக்கு வரவேணாம். எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க மெர்வின்" என்றார்.

ஜாஸ்மினுக்கு நர்சிங் சேரவேண்டும். உயிரியல் பிராக்டிகல் இல்லையென்றால் பன்னிரண்டாம் வகுப்பே தேற முடியாது. அவளை அப்படி நிறுத்த அவர்களுக்கு அதிகாரம் உண்டா என்று எங்கள் யாருக்கும் தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது.

அதற்கப்புறம் நாட்கள் இப்படித்தான் போயின. மெர்வின் அங்கிளின் போனுக்குத் தெரியாத நம்பர்களிலிருந்து அழைப்பு வரும். எடுத்தால் ஒரு இருமல், உடனே கட். அவர் தொழிலுக்கு அந்த போன்தான் எல்லாம், அணைத்து வைக்கவும் முடியாது. ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் மூன்று பேரும் அதையே பார்ப்பார்கள். டயர் கடைக்காரர் நேரில் வந்து, "இந்த வாரம் மட்டும் மாடிக்கு வராதீங்கண்ணா, கடை முன்னாடி ஃபுல்லா கண்ணாடி, கல்லு கில்லு விட்டானுங்கன்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்று கெஞ்சினார். அந்த ஞாயிறு அவர்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சன்னமான குரலில் ஜெபித்தார்கள்.

ரோஸி அத்தை என் முன்னாலேயே சொன்னார்: "சொல்லிடு பாப்பா. ஆண்டவர் மன்னிச்சுடுவாரு. இவனுங்க மன்னிக்க மாட்டானுங்க."

அங்கிள் ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஜாஸ்மின் என்னை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். "பயமா கீதுடி வெண்ணிலா."

"அவனுங்க ஒண்ணும் பண்ண மாட்டானுங்கடி."

"அவனுங்களுக்கு இல்ல. மைக் கைக்கு வந்ததும் நான் சொல்லிடுவேனோன்னு பயமா கீது."

திங்கட்கிழமை கேட்டுக்கு வெளியே சுகுமாரும் ஏழெட்டு ஆட்களும் போனை உயர்த்திப் பிடித்து நின்றார்கள். தாளாளர் மேடையில் இருந்தார். ஜாஸ்மின் மைக்கை வாங்கினாள்.

"அன்னிக்கு மைக்ல இருமுனதுக்கு மன்னிச்சிடுங்க. சின்னப் பசங்க மேல தப்பு இல்ல" என்றாள். பிறகு உறுதிமொழியைத் தொடங்கினாள். மைதானம் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தது. கடைசி வரி. அவள் மூச்சு மைக்கில் கேட்டது. கேட்டுக்கு வெளியிலிருந்து யாரோ வேண்டுமென்றே இருமினார்கள். நான் ஒன்றாம் வகுப்பைப் பார்த்தேன். இருமிவிடாதீர்கள் என்று உள்ளுக்குள் கத்தினேன். அவர்கள் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதை நான் உளமார உறுதி கூறுகிறேன்" என்றாள் ஜாஸ்மின்.

மைதானம் முழுவதும் அதை அப்படியே திருப்பிச் சொன்னது.

தாளாளர் எழுந்தார். தலைமை ஆசிரியை மைக்கை நோக்கி நடந்தார். கேட்டுக் கம்பியை யாரோ உலுக்கினார்கள். அப்போது பி.டி. சார் ஜாஸ்மின் கையிலிருந்த மைக்கை இழுத்து, "ஸ்கூல், அட்டென்ஷன்!" என்று கத்திவிட்டு, சுருதி இல்லாத தன் குரலில் தேசிய கீதத்தை ஆரம்பித்துவிட்டார்.

ஆயிரம் பிள்ளைகளும் சேர்ந்து பாடினோம். தாளாளர் நின்ற இடத்திலேயே விறைத்தார். தலைமை ஆசிரியை பாதி வழியில் நின்றார். கேட்டில் சுகுமார் போனைக் கீழே இறக்கி, கைகளைத் தொடையோடு ஒட்ட வைத்துக்கொண்டார். அவரோடு வந்தவர்களும் அப்படியே நின்றார்கள். ஜாஸ்மின் அழுதுகொண்டே பாடினாள்.

கடைசி வார்த்தை முடியுமுன்னே சார், "கிளாஸ், டிஸ்பர்ஸ்!" என்றார். பிள்ளைகள் ஓடினார்கள். புழுதியில், ஒரே மாதிரி சீருடைகளுக்கு நடுவில், அவளை இழுத்துக்கொண்டு நானும் ஓடினேன்.

பிறகு சாரிடம் கேட்டேன், ஏன் சார் அப்படிச் செய்தீர்கள் என்று. "உறுதிமொழிக்கு அடுத்தது அதானேம்மா? ஆர்டர்படி பாடுனேன். போ, போ" என்றார். அவர் கண் தாளாளர் அறைப் பக்கமே இருந்தது.

அவளைப் பிராக்டிகலுக்கு விட்டார்கள். அவள் பெயர் முன்பே தேர்வுத் துறைக்குப் போய்விட்டதால் எடுக்க முடியாது என்று பின்னால் தெரிந்தது. தேறிவிட்டாள். இப்போது நர்சிங் முதல் வருடம். நான் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை எடுத்த வீடியோவை அந்த ஆட்கள் யாருக்கும் அனுப்பவில்லை. அதில் சிரிக்கவோ கோபப்படவோ எதுவும் இல்லை போலிருக்கிறது. இருமல் வீடியோ மட்டும் இன்னும் சுற்றுகிறது. போன வாரம் தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்தோம். பக்கத்தில் இருந்த பெரியவருக்கு நிஜமாகவே சளி, இருமினார். ஜாஸ்மின் சட்டென்று முகத்தை மூடிக்கொண்டு, இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கிவிட்டாள்.

சுகுமார் அண்ணா, உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். அந்த வரியைச் சொல்லியிருந்தால், பென்சில் தொலைந்தால் நாங்கள் நம்பிக் கேட்கும் அந்தப் பெண் இருந்திருக்கமாட்டாள்.

அந்த வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருந்தால், எந்தக் குழுவிலிருந்து வந்ததோ அதே குழுவுக்கு இதையும் அனுப்புங்கள். படிக்க நேரமில்லை என்பவர்களுக்கு வாயால் சொல்லுங்கள். அவள் ஆட்டோவை விட்டு இறங்காமல் வீடு வரைக்கும் வர வேண்டும்.