சபூருள்ள பிள்ளை

உளவியல் படிக்கப் போகிறேன் என்று சொன்னதும் உம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு, "ஏன், ஆருக்குப் பைத்தியம்?" என்று கேட்டார்.

ஒருவருக்கும் இல்லை என்றேன். நான் பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆசிரியைகள் எல்லோரும் ஏதாவது ஒரு சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மேல்மாடியில் சனிக்கிழமைகளில் வகுப்புகள் நடந்தன. தையல் எனக்கு வராது. கணினி வகுப்பு நிரம்பிவிட்டது. ஆங்கிலம் வைத்த நேரத்தில் மகளை மதரசாவில் விட்டுக் கூட்டிவர வேண்டும். மிஞ்சியது அறிமுக உளவியல். துக்கத்தை விளங்கிக்கொள்ளப் போனேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது பொய்.

சுனாமி வந்து நாலைந்து வருஷமாகியிருந்தது. அதற்குள் எத்தனையோ நிறுவனங்கள் எங்கள் மருதமுனைக்கு வந்து போய்விட்டன. ஒரே நிறத்தில் ரீசேட் போட்ட பிள்ளைகள் வந்து, பெண்களை வட்டமாக உட்கார வைத்து, பந்தை எறிந்து பிடிக்கச் சொல்லி, மனம் இலேசாகிவிட்டதா என்று கேட்பார்கள். எனக்குத் தோள்பட்டை வலிக்கிறது என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டு போனார்கள். இந்த அனுபவத்தால் உளவியல் மேல் எனக்கு மரியாதையும் இல்லை, கோபமும் இல்லை.

எங்கள் விரிவுரையாளர் மட்டக்களப்பிலிருந்து பஸ்ஸில் வருவார். மெலிந்த மனிதர். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, வந்து சேரும்போதே களைத்திருப்பார். ஆனால் சோக்கட்டியைக் கையிலெடுத்தால் மாறிவிடுவார். முதல் வகுப்பில் பலகையில் ஒரு பனிமலை வரைந்தார். கடலுக்கு மேலே தெரிவது கொஞ்சம், மனதின் பெரும்பகுதி தண்ணீருக்குக் கீழேதான் இருக்கிறது என்றார். கடலுக்கடியிலிருந்து பெரிதாக ஏதோ வருகிற அந்தப் படத்தை வகுப்பு முழுவதும் எழுதுவதை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் திரும்பி எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு படத்தை அழித்துவிட்டு ஒரு வீட்டை வரைந்து, இது நிலவறை என்றார். எங்கள் பக்கத்தில் வீடுகளுக்கு நிலவறை கிடையாது. ஆனாலும் எழுதிக்கொண்டோம்.

இரண்டாம் வகுப்பில் நாய் வந்தது. மணியடித்துச் சாப்பாடு கொடுத்துப் பழக்கினால், பிறகு வெறும் மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறுமாம். வீட்டில் வந்து சொன்னேன்.

"நாய்ட எச்சிலப் படிக்கவா பஸ் ஏறிப் போற?" என்றார் உம்மா.

இதற்கு எங்கள் வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்று விரிவுரையாளர் கேட்டபோது, பின்வரிசையில் ஒருத்தி, "ஆராவது 'கடல் வருது' எண்டா ஊரே ஓடுறது, சேர்" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். உண்மைதான். சுனாமிக்குப் பிறகு அந்த ஒரு சொல்லுக்குக் கல்முனை முழுக்க, அடுப்பில் சோற்றை விட்டுவிட்டு, பிள்ளைகளையும் நகைப் பையையும் தூக்கிக்கொண்டு பிரதான வீதிக்கு ஓடியிருக்கிறது. நான் ஓடியதில்லை. உம்மா என் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். நான் முற்றம் கூட்டிக்கொண்டிருப்பேன். திரும்பி வருகிற பெண்கள் என்னைப் பார்த்து, "என்ன ஈமான் இந்தப் புள்ளைக்கு" என்பார்கள். அது இறைநம்பிக்கையின் உறுதியில்லை. ஓடுவதற்குக் கால் வரவில்லை, அவ்வளவுதான்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் நற்பிட்டிமுனையில் உம்மாவின் தங்கை, சாச்சி வீட்டில் இருந்தோம். என் கணவர் காலையில் கடற்கரையோரம் இருந்த தன் தாயாரை, என் மாமியை, பார்க்கப் போயிருந்தார். மாமி ஒரு மதில்மேல் ஏறித் தப்பினார். கணவரின் மையித்து, அவருடைய உடல், கிடைக்கவில்லை. நற்பிட்டிமுனைக்குத் தண்ணீரும் வரவில்லை. நான் கண்ணால் ஒன்றையுமே காணவில்லை. கதவைத் திறந்து வெளியே போன ஒரு மனிதர் திரும்பி வராததைத்தான் நான் கண்டேன்.

கணவனை இழந்தவள் வெளி ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கும் இத்தாவை எந்த நாளிலிருந்து தொடங்குவது என்று பெரியவர்கள் கதைத்து முடிவு சொன்னார்கள். சாச்சி வீட்டு அறையொன்றில் இருந்தேன். பார்க்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், சபூருள்ள பிள்ளை" என்றார்கள். சபூர் என்றால் பொறுமை. இறைவன் தந்ததை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிற பொறுமை. எங்களில் ஒப்பாரி கூடாது, கண்ணீர் கூடும். எனக்குக் கண்ணீரும் வரவில்லை என்பதால் எனக்குக் கிடைத்த பட்டம் இரட்டிப்பாகிவிட்டது. பக்கத்தில் மாமி நெஞ்சிலடித்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"உங்கட மருமகளப் பாருங்க. அவவும் மனிசிதானே? எப்பிடி சபூரோட இரிக்கா" என்று ஒருவர் மாமியின் கையைப் பிடித்தார்.

மாமி என்னைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த நாட்களில் நான் உணர்ந்ததாகச் சொல்லக்கூடியது அந்த வெட்கம் ஒன்றுதான்.

நாலாவதோ ஐந்தாவதோ வகுப்பில் விரிவுரையாளர் 'உணர்வு மரத்தல்' என்று பலகையில் எழுதினார். பெரிய இழப்பு வந்தால் மனம் தானே தனக்கு ஊசி போட்டுக்கொள்ளும், பல் பிடுங்கப் போடுகிற ஊசி மாதிரி, சிலருக்கு அது இறங்காமலே இருந்துவிடும் என்றார். நான் அதைக் கொப்பியில் எழுதி, அடியில் கோடும் போட்டேன். அதற்கு வேறு பெயர் சொல்லித்தான் ஊர் என்னை இத்தனை காலம் புகழ்ந்தது என்று விளங்கியது. விளங்கியதால் ஒன்றும் நடக்கவில்லை. மரத்துப்போனதென்று தெரிந்துகொள்வதால் மரத்த இடம் வலிக்கத் தொடங்காது. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழுப் புள்ளி.

யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னது அந்த வகுப்பு நடந்துகொண்டிருந்த காலத்தில்தான். சந்தியில் வெடி கொளுத்தினார்கள். கடைகளில் கொடி தொங்கியது. சனிக்கிழமை நான் போன பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் மறித்த ஆமிக்காரர்கள், அடையாள அட்டை கேட்காமல் பாற்சோறு கொடுத்தார்கள். வாங்கிச் சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் கூடிவிட்டிருந்தது. வயலுக்குப் போய்ப் புலிகளிடம் அகப்பட்டுத் திரும்பாதவர்களின் வீடுகள் எங்கள் ஊரிலும் உண்டு. அவர்களுக்கு இது நிம்மதி. மருதமுனையிலிருந்து கல்முனைக்குத் தமிழ் ஊரான பாண்டிருப்பைக் கடந்துதான் போகவேண்டும். பாண்டிருப்பில் வீதியோர வீடுகளின் கதவுகள் சாத்தியிருந்தன. எனக்குள் சந்தோஷமா கவலையா என்று தேடிப் பார்த்தேன். நாக்கில் உப்புத்தான் இருந்தது.

அன்றைக்குக் 'கேட்டல் பயிற்சி' என்று ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தது. விரிவுரையாளர் அதை மாற்றவில்லை. இருவர் இருவராக எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் கதைப்பார். மற்றவர் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்பார். புத்தி சொல்லக்கூடாது, ஆறுதல் சொல்லக்கூடாது, கண்ணீரைத் துடைத்துவிடக்கூடாது.

"ஓம் எண்டு மட்டும் சொல்லலாம். அதுக்கு மேல ஒண்டும் வேணாம்" என்றார்.

எனக்குச் சோடியாக வந்தவர் பாண்டிருப்பைச் சேர்ந்த ஓர் அக்கா. கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலை. எப்போதும் முன்வரிசையில் இருந்து கேள்வி கேட்பவர், அன்றைக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய தம்பி பல வருஷத்துக்கு முன்னர் இயக்கத்தில் சேர்ந்து வன்னிக்குப் போனவர்.

"ஒவ்வொரு தீபாவளிக்கும் அவனுக்கு ஒரு சேட் வாங்கி வைப்பன் தங்கச்சி" என்று தொடங்கினார். "அளவு தெரியாது. வளந்திருப்பான் எண்டு ஒரு வருஷம் பெரிசா வாங்குவன். சாப்பாடில்லாம மெலிஞ்சிருப்பான் எண்டு மறு வருஷம் சின்னனா வாங்குவன்."

"ஓம்" என்றேன்.

"எல்லாம் அலுமாரிக்குள்ள கிடக்கு. இப்ப ஆருக்கு?"

"ஓம்" என்றேன். அதற்குப் பிறகு அவர் வாய் திறந்து அழுதார். அது எங்கள் வீடுகளில் நான் கேட்டிராத அழுகை. ராகம் போட்டு, தம்பியைக் கூப்பிட்டு, நெஞ்சில் கைவைத்து அழுதார். வகுப்பு திரும்பிப் பார்த்தது. என் வாயில் தானாக வந்தது, சபூர் செய்யுங்க அக்கா என்பதுதான். பல்லைக் கடித்து அதை விழுங்கிக்கொண்டு, ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கண் வீங்கியிருந்தது. ஆனால் முகத்திலிருந்து ஏதோ பாரம் இறங்கியிருந்தது.

"இனி நீங்க கதையுங்க" என்றார்.

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, கடற்கரை வீடு, கிடைக்காத மையித்து. பத்திரிகைச் செய்தி மாதிரி சுருக்கமாக முடிந்துவிட்டது. அவர் இன்னும் ஏதாவது வருமென்று காத்திருந்தார். வரவில்லை. கடைசியில் அவர் விதியை மீறிவிட்டார்.

"அழுதீங்களா தங்கச்சி?"

"இல்ல அக்கா."

"மகள்? புள்ள அழுதாவா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மகள் கைக்குழந்தையாக அழுதது நினைவிருந்தது. வாப்பா எங்கே என்று கேட்டு ஓரிரு வாரம் சிணுங்கியதும் நினைவிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. விழுந்து முழங்கால் உரிந்தபோதும், மதரசாவில் அடி வாங்கியபோதும் அவள் அழுததாக எனக்கு நினைவில்லை. தாயைப் போலவே சபூர் என்று அவளையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குப் பயம் வந்தது. அது பயம்தான் என்று கண்டுபிடிக்கவே பாண்டிருப்பு தாண்டிவிட்டது.

வீட்டில் மகள் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்பு. உம்மா கடைக்குப் போயிருந்தார். கிணற்றடியில் அவளுடைய பாடசாலைக் காலுறைகள் காய்ந்தன. தன் காலுறைகளைத் தானே கழுவுகிற பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் அவளுக்குப் பெயர். எடுத்துப் பார்த்தேன். குதிக்கால் பக்கம் பழுப்பாகக் கறை பிடித்து, துணி மொரமொரவென்று இருந்தது.

காலைத் தூக்கிப் பார்த்தேன். புதுச் சப்பாத்து கடித்து, இரண்டு குதிக்காலிலும் தோல் இல்லை.

"எப்ப இருந்து?"

"கன நாளா."

"ஏன் சொல்லல்ல?"

அவள் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தாள். "சொன்னா அழுக வரும்."

"வந்தா என்ன?"

"உங்களுக்கு முன்னால அழப்படாதாம். உம்மம்மா சொன்ன. நீங்க சபூரோட இரிக்கீங்களாம். நான் அழுதா நீங்க உடைஞ்சிருவீங்களாம்."

உம்மா நல்லதை நினைத்துத்தான் சொல்லியிருப்பார். மூன்று வயதுப் பிள்ளையிடம் சொன்னது அது. அன்றிலிருந்து இவள் என்னைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இரத்தம் பட்ட காலுறையை எனக்குத் தெரியாமல் கழுவிக் காயப்போட்டு.

அவளைத் தூக்கி மடியில் வைக்கத்தான் நினைத்தேன். அப்படி வைத்தால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று தோன்றியது. அதனால் ஒரு கதிரையை இழுத்து அவளுக்கு எதிரே போட்டேன். உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டேன்.

"நான் உடைய மாட்டன் மகள். அழுங்க. கேட்டுக்கிட்டிரிக்கன்."

அவளுக்கு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. முதலில் இருமினாள். உதடு கோணியது. என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். நான் அசையாமல் இருந்தேன். பிறகு, கால் எரியுது என்றாள். ஓம் என்றேன். சப்பாத்து வேணாம் என்றாள். ஓம் என்றேன். வாப்பா எப்பிடி இருந்தாரு எண்டு எனக்கு மறந்து போயித்து என்றாள். அதோடு சத்தம் வந்தது. சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம். பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன, என்ன நடந்த?" என்று கேட்டாள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

என் கண் காய்ந்துதான் இருந்தது. அதை மறைக்கவில்லை.

நடுவில் அவள் மூச்சை இழுத்துப் பிடித்து, முகத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்தாள்.

"இன்னும் அழலாமா உம்மா?"

"ஓம்" என்றேன்.